பூச்சும் காப்பும்

தமிழில் ‘பூசி மெழுகுதல்’ என்றொரு வழக்கு உண்டு. நடந்த தப்பை வெளியே தெரியாமல் ஆக்குவதற்கு அந்தப் பெயர். அதே தமிழில் ‘காப்பு’ என்றும் ஒரு சொல் உண்டு. எண்ணெயோ சாந்தோ ஒன்றின்மேல் பூசி, அது கெடாமல் வைத்திருப்பதற்கு அந்தப் பெயர். இரண்டிலும் கை செய்கிற காரியம் ஒன்றுதான். ஒன்றின்மேல் இன்னொன்றைப் பூசுகிறோம். அடியில் இருப்பது கண்ணுக்கு மறைகிறது. ஆனால் ஒன்றை ஏமாற்று என்கிறோம், மற்றதைப் பாதுகாப்பு என்கிறோம். எதை வைத்து இப்படிப் பிரிக்கிறோம்?

சொல்லாராய்ச்சிக்காக இதைக் கேட்கவில்லை. சாதியை ஒழிப்பதாகச் சொல்லி அரசும் கட்சிகளும் நல்லெண்ணம் படைத்த மனிதர்களும் பல காரியங்களைச் செய்கிறார்கள். பெயரை மாற்றுகிறார்கள், பலகையை எடுக்கிறார்கள், சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். இவற்றில் எது பூசி மெழுகல், எது காப்பு என்று நமக்குள்ளேயே ஓயாத சண்டை நடக்கிறது. ஒரு தோழர் ‘எல்லாமே கண்துடைப்பு’ என்கிறார். இன்னொரு தோழர் ‘இதுவாவது நடக்கட்டுமே’ என்கிறார். வண்டிக்குப் பெயின்ட் அடித்துப் பிழைத்தவன் என்ற முறையில் இந்தச் சண்டையில் எனக்கும் சொல்ல ஒன்று இருக்கிறது. புத்தகத்தில் கிடைத்ததில்லை அது. துரு தட்டிக் கிடைத்தது.

1

திருச்சியில் லாரிக்கும் பஸ்ஸுக்கும் பாடி கட்டுகிற பட்டறைகளில் இருபது வருஷத்துக்குக் குறையாமல் வேலை பார்த்திருக்கிறேன். பட்டறைகளின் பெயர் இங்கே வேண்டாம். ஒன்றில் நடந்ததுதான் மற்றதிலும் நடந்தது.

சேசிஸ் என்பது ஏணி மாதிரி. இரண்டு நீளச் சட்டம், நடுவே குறுக்குச் சட்டங்கள். எஞ்சின், டேங்க், பாடி, சீட், ஆள், மூட்டை எல்லாப் பாரமும் அதன்மேல்தான். வண்டியில் ஏறுகிற யாரும் அதைப் பார்ப்பதில்லை. வண்டிக்கு அடியில் மல்லாந்து படுக்கிறவனுக்கு மட்டும்தான் அது தெரியும்.

துரு பிடிக்க மூன்று சேரணும். இரும்பு, தண்ணீர், காற்றிலுள்ள ஆக்சிஜன். உப்பும் சேர்ந்தால் வேகம் கூடும். கடற்கரைப் பக்கம் மீன் லோடு அடிக்கிற லாரி பட்டறைக்கு வந்தால் பார்த்தவுடனே சொல்லிவிடலாம். ஐஸ் தண்ணீரும் உப்பும் வடிந்து வடிந்து இரும்பு அடை அடையாகப் பெயரும். துரு, தான் தின்ற இரும்பைவிட இரண்டு மடங்குக்கும் மேலே இடத்தை அடைத்துக்கொள்ளும். அதனால்தான் மேலே இருக்கிற பெயின்ட் கொப்புளம் மாதிரி எழும்புகிறது. துரு ஈரத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும். அதன்மேல் பெயின்ட் அடித்தால் ஈரத்தையும் சேர்த்து உள்ளே வைத்து மூடுகிறோம். வெளியே பளபளவென்று இருக்கும், உள்ளே வேலை நடந்துகொண்டே இருக்கும்.

எனக்கு இந்த வேலையைக் கற்றுக்கொடுத்தவர் எங்கள் தெருக்காரர். சொந்தம் இல்லை, ஆனால் பெரியப்பா என்றுதான் கூப்பிடுவேன். அவர் ஒரே வரியில் சொல்வார்: “தம்பி, நீ அடிக்கிற பெயின்ட் இரும்பப் புடிச்சுக்கணும்டா. துருவப் புடிச்சுக்கிட்டா, துரு உதுரும்போது அதுவும் சேந்து உதுரும்.”

ஆகவே முதல் வேலை சுரண்டுவது. சுத்தியால் தட்டி அடையைப் பெயர்க்கணும். பிறகு கம்பி பிரஷ், உப்புத்தாள், இடுக்குகளுக்கு உளி. வெள்ளியாக இரும்பு தெரிகிற வரைக்கும் விடக்கூடாது. கிரீஸ் இருந்தால் மண்ணெண்ணெயால் கழுவணும். மண்ணெண்ணெய்ப் பிசுக்கு போகத் தின்னரால் துடைக்கணும். புது இரும்பு என்றாலும் ஆலையில் காய்ச்சி உருட்டும்போது படிந்த நீலக்கறுப்புத் தோல் ஒன்று இருக்கும். அதையும் எடுத்தாகணும். சுரண்டிய இரும்பை ராத்திரி முழுக்கத் திறந்து போடக்கூடாது. காவிரிக் கரை ஈரக்காற்றில் விடிவதற்குள் மஞ்சள் பூத்துவிடும். அன்றைக்கே பிரைமர் ஏறணும்.

எங்கள் பட்டறைகளில் பிரைமர் என்றால் ரெட் ஆக்சைடு. இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. ரெட் ஆக்சைடில் இருக்கிற சிவப்பு வேறொன்றுமில்லை, இரும்பு ஆக்சைடுதான். துருவுக்குப் பங்காளி. துருவில் தண்ணீர் கலந்திருக்கும், இதில் இருக்காது, அவ்வளவுதான் பெரிய வித்தியாசம். அந்தச் சிவப்பு தானாகத் துருவைத் தடுத்துவிடாது. கூடச் சேர்க்கிற ஜிங்க் குரோமேட் என்ற மஞ்சள் பொடிதான் இரும்பு கரைவதைத் தடுக்கும். அதற்கு முந்திய காலத்தில் ரயில்வேயிலும் பாலங்களிலும் செவ்வீயத்தை ஆளிவிதை எண்ணெயில் குழைத்து அடித்தார்கள். இரண்டும் இரும்புக்கு மருந்து, மனுஷனுக்கு விஷம். ஈயம் நரம்பைத் தின்னும். குரோமேட் நுரையீரலில் புற்று வைக்கும். பழைய வண்டியைச் சுரண்டுகிறவன் துருவை மட்டும் சுரண்டவில்லை. முன்னால் அடித்த இந்தப் பெயின்ட்டுகளையும் பொடியாக்கி மூச்சில் இழுக்கிறான்.

நாடு இதைக் கவனிக்கவில்லையா என்றால், கவனித்தது. 2016-ல் இந்திய அரசு விதி கொண்டுவந்தது. 2017 நவம்பரிலிருந்து அமலுக்கு வந்தது. பெயின்ட்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது. எந்தப் பெயின்ட்டில்? வீட்டுக்கும் அலங்காரத்துக்கும் அடிக்கிற பெயின்ட்டில். தொழிற்சாலைக்கும் வண்டிக்கும் அடிக்கிற பெயின்ட் அந்த விதிக்குள் வரவில்லை. சுவருக்குள் குடியிருப்பவரின் மூச்சுக்கு ஒரு சட்டம் இருக்கிறது. வண்டிக்கு அடியில் படுப்பவனின் மூச்சுக்கு அது வரவில்லை.

பெரியப்பாவுக்குக் கடைசிக் காலத்தில் இருமல் நிற்கவே இல்லை. ‘பீடி குடிப்பியா?’ என்று கேட்டார்கள். டி.பி.க்கு மாத்திரை கொடுத்தார்கள். ‘என்ன வேலை பார்க்கிறே?’ என்று ஒருவரும் கேட்கவில்லை.

இந்த இடத்தில் சாதி வருகிறது. பட்டறையில் சுரண்டுகிற ஆள் வேறு, கன் பிடித்துப் பெயின்ட் அடிக்கிற ஆள் வேறு. சுரண்டுகிறவர்கள் எங்கள் தெருவிலிருந்தும் அதைப் போன்ற தெருக்களிலிருந்தும் வந்தவர்கள். கன் பிடிக்கிறவர்கள் ஊர்த்தெருக்காரர்கள். ‘கன் பிடிக்கிறதுக்குக் கை நிதானம் வேணும்’ என்பார் மேஸ்திரி. இடுக்கில் உளி விட்டு ரிவெட் தலை சிதையாமல் துருவை மட்டும் பெயர்க்கிற கைக்கு இல்லாத நிதானமா? 1938-ல் மன்மாடில் நடந்த தலித் ரயில்வேத் தொழிலாளர் மாநாட்டில் அம்பேத்கர் இதைத்தான் பேசினார். கேங்மேனாகச் சேர்கிற தலித் கேங்மேனாகவே காலம் முடிப்பதையும், பணிமனைகளில் மெக்கானிக் வேலைக்கு அவனை விடாததையும் எடுத்துவைத்தார். பம்பாய் மில்களில் நெசவுப் பிரிவில் தலித்துகளைச் சேர்க்கவில்லை. அறுந்த இழையை வாயில் வைத்து எச்சில்படுத்தி ஒட்டணும் என்பது காரணம். இயந்திரம் வந்தால் சாதி போய்விடும் என்று நம்பியவர்களுக்கு அந்த ஒற்றை இழை போதும் பதில் சொல்ல.

தமிழில் ‘சுரண்டல்’ என்ற சொல்லுக்கு இரண்டு அர்த்தம். எங்கள் வேலைக்கும் அதுதான் பெயர், எங்களுக்கு நடந்ததற்கும் அதுதான் பெயர்.

2

அடித்த பெயின்ட் எப்போது பெயின்ட் ஆகிறது? கேள்வி கிறுக்குத்தனமாகப் படலாம். பட்டறையில் தினம் நடக்கிற சண்டையே இதுதான்.

காய்வது வேறு, இறுகுவது வேறு. அடித்த சில மணி நேரத்தில் தின்னர் பறந்துபோகும். விரல் வைத்தால் ஒட்டாது. அது காய்ந்தது, அவ்வளவுதான். அதற்குப் பிறகுதான் பெயின்ட்டிலுள்ள எண்ணெய் காற்றிலிருந்து ஆக்சிஜனை எடுத்து ஒன்றோடொன்று பின்னி இறுகத் தொடங்கும். ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் நடுவில் ஒரு ராத்திரியாவது விடணும். முழுக்க இறுக ஒரு வாரம் ஆகும். ஈரக்காற்றாக இருந்தால் இன்னும் கூடும். மெல்லிசாக இரண்டு கோட் அடிக்கவேண்டிய இடத்தில் நேரத்தை மிச்சம் பிடிக்கத் தடிமனாக ஒரே கோட் அடித்தால் மேலே தோல் கட்டிவிடும், அடியில் கொழகொழவென்று இருக்கும். மேல்தோலே காற்றை உள்ளே விடாமல் தடுத்துவிடுகிறது. கல் பட்டால் தோலோடு உரிந்து வந்துவிடும்.

இரும்பைத் தின்கிற ஆக்சிஜன்தான் எண்ணெயை இறுக்கி இரும்பைக் காக்கவும் செய்கிறது. காற்றில் நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை. அது எதன்மேல் படுகிறது, எவ்வளவு நாள் படுகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

ஆனால் பட்டறையில் நாள் யாரிடம் இருக்கிறது? வண்டி நின்றால் முதலாளிக்கு நஷ்டம். அதிலும் எஃப்.சி. நேரம் என்றால் கேட்கவே வேண்டாம். வண்டி ஓடத் தகுதியாக இருக்கிறது என்று வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் வாங்குகிற சான்றிதழ் அது. எஃப்.சி.க்கு விடுகிற வண்டி எல்லாம் புதுப் பெயின்ட்டில் கல்யாண மாப்பிள்ளை மாதிரி நிற்கும். சேசிஸுக்குக் கறுப்பு, வீலுக்கு ஒரு கலர், பம்பருக்கு ஒரு கலர். அடியில் எதைச் சுரண்டினார்கள், எதைச் சுரண்டவில்லை என்று மேலே பார்த்தால் தெரியாது.

“குறுக்குச் சட்டம் ஜாயின்ட்ல ஓட்ட விழுந்திருக்குங்க. வெட்டி எடுத்துட்டுப் புதுசு வைக்கணும்” என்பார் பெரியப்பா.

“அதெல்லாம் அடுத்த வருசம் பாத்துக்கலாம்யா. மேலாக்க அடிச்சு விடு, நாளைக்கு எஃப்.சி.” என்பார் முதலாளி.

இதில் ஒரு தர்மச் சிக்கல் இருக்கிறது. ஓட்டை இருப்பது சுரண்டுகிறவனுக்குத் தெரியும். வண்டியை நிறுத்துகிற அதிகாரம் அவனுக்கு இல்லை. அதிகாரம் உள்ளவன் அடியில் படுத்துப் பார்ப்பதே இல்லை. பார்க்காமல் இருப்பது அவனுக்கு வசதி. நாளைக்கு ஏதாவது நடந்தால் ‘எனக்குத் தெரியாது’ என்று அவன் சொன்னால் அது உண்மையாகவே இருக்கும். அறிவு ஒரு பக்கமும் அதிகாரம் ஒரு பக்கமும் பிரிந்து நிற்பது தற்செயல் இல்லை. அப்படிப் பிரித்து அடுக்குவதுதான் சாதி. மேலே இருப்பவன் எதையெல்லாம் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை என்று அது ஏற்பாடு செய்து கொடுக்கிறது. மலக்குழிக்குள் என்ன இருக்கிறது என்று அதைப் பயன்படுத்துகிறவனுக்குத் தெரியவேண்டியதில்லை அல்லவா? அதே ஏற்பாடுதான்.

2012 ஜூலை 25 அன்று சென்னை தாம்பரம் அருகே பள்ளிக்கூடப் பஸ் ஒன்றின் தரையில் இருந்த ஓட்டை வழியே இரண்டாம் வகுப்புச் சிறுமி கீழே விழுந்தாள். அதே பஸ்ஸின் பின்சக்கரம் அவள்மேல் ஏறியது. அந்தப் பஸ்ஸுக்கு எஃப்.சி. இருந்தது. சென்னை உயர் நீதிமன்றம் தானே முன்வந்து வழக்கை எடுத்தது. அந்த வருஷமே பள்ளிப் பேருந்துகளுக்குத் தனி விதிகள் வந்தன. பேருந்தின் அடிப்பகுதியைப் பற்றி நாடே நாலு நாள் பேசியது.

‘நம்மை மதிக்காத முதலாளிக்கு நாம் ஏன் ஒழுங்காக வேலை செய்யணும்?’ என்று இளவட்டத் தோழர்கள் என்னிடம் கேட்டதுண்டு. நியாயமான கேள்வி. கூலி குறைவு, மரியாதை இல்லை, மூச்சில் விஷம். ஒரு இடுக்கைச் சுரண்டாமல் விட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? அதற்கு நான் சொல்கிற பதில் முதலாளியைப் பற்றியது இல்லை. அந்தப் பஸ்ஸில் ஏறப்போகிறவர்கள் யார்? காந்தி மார்க்கெட்டுக்குக் கீரைக்கட்டு கொண்டுபோகிற அக்கா, அரசுக் கல்லூரிக்குப் போகிற பிள்ளை, ஆஸ்பத்திரிக்குப் போகிற கிழவி. அவர்கள் காலடியில் இருக்கிற தகடுதான் நான் சுரண்டுகிற தகடு. என் வேலையில் உள்ள நேர்மை அவர்களுக்குக் கடன்பட்டது. முதலாளிக்கு நான் கொடுக்க வேண்டியது சண்டை. இரண்டையும் குழப்பிக்கொள்ளத் தேவையில்லை.

3

காவிரிப் பாலத்தைக் கடந்தால் ஸ்ரீரங்கம். அங்கேயும் ஒரு பூச்சு வேலை நடக்கிறது. பட்டறைக்காரன் கண்ணால் அதைப் பார்த்தால் பல விஷயம் புரியும்.

அரங்கநாதர் கோயில் மூலவர் கல் இல்லை, சுதை. சுதைமேல் தண்ணீர் படக்கூடாது. அதனால் மூலவருக்குத் திருமஞ்சனம் கிடையாது. அதற்குப் பதில் வருஷத்துக்கு இரண்டு முறை தைலக்காப்பு. ஆனி மாதம் ஜேஷ்டாபிஷேகத்தின்போது அணிந்திருக்கும் கவசங்களை எல்லாம் களைந்து சுத்தம் செய்வார்கள். மூலவருக்குத் தைலம் பூசுவார்கள். அதன்பிறகு 48 நாளைக்கு முகத்தை மட்டும்தான் பார்க்கலாம். திருவடி தரிசனம் கிடையாது. பூசிய தைலம் உலரணும், உருவத்தில் ஏறி நிற்கணும்.

இதைக் கேலி செய்ய நான் எழுதவில்லை. தொழில்காரனாகச் சொல்கிறேன், முறையான வேலை. மேலே இருப்பதைக் களைகிறார்கள். சுத்தம் செய்கிறார்கள். பூசுகிறார்கள். இறுகுவதற்கு நாள் விடுகிறார்கள். எவ்வளவு பெரிய மனிதர் வந்து நின்றாலும் ‘சீக்கிரம் ஆகட்டும்’ என்று சொல்ல முடியாது. காப்பு என்ற சொல்லுக்கு இது தகும். காப்பு என்றால் என்ன, அதற்கு எத்தனை நாள் வேணும் என்பதெல்லாம் இந்தச் சமூகத்துக்குத் தெரியாத விஷயம் இல்லை. சாமி என்று வந்தால் நன்றாகவே தெரிந்திருக்கிறது. மனுஷன் என்று வரும்போதுதான் ‘மேலாக்க அடிச்சு விடு’ என்கிறது.

இதே ஸ்ரீரங்கத்துக் கதை ஒன்று நம் எல்லோருக்கும் தெரியும். உறையூர்க்காரர் திருப்பாணாழ்வார். பாணர் குலம், தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்டவர். காவிரிக் கரையில் நின்று பாடிக்கொண்டிருந்தவரை விலகச் சொல்லி லோகசாரங்க முனிவர் கல்லெடுத்து எறிந்தார் என்றும், பிறகு பெருமாள் கட்டளைப்படி அந்த முனிவரே அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு கோயிலுக்குள் போனார் என்றும் குருபரம்பரைக் கதை சொல்கிறது. அதனால் அவருக்கு முனிவாகனன் என்று பெயர். பத்துப் பாசுரம் பாடினார். உள்ளே போனவர் திரும்பி வரவில்லை, பெருமாளோடு கலந்துவிட்டார்.

சாதி பார்க்காத சமயம் என்பதற்கு இந்தக் கதையைத்தான் மேடைக்கு மேடை காட்டுகிறார்கள். எனக்கு வேறொன்று தோன்றுகிறது. தோளில் தூக்கிப் போனதால் அவர் கால் ஸ்ரீரங்கத்துத் தெருவில் படவில்லை. உள்ளே கலந்துவிட்டதால் வெளியே வரவும் இல்லை. திரும்பி வந்து உறையூரில் தன் தெருவுக்குப் போயிருந்தால்? அவர் பின்னால் அவர் தெருக்காரர் நூறு பேர் கிளம்பியிருந்தால்? ஒருவரை மட்டும் தூக்கிக்கொண்டு போய் மற்றவரை நின்ற இடத்திலேயே நிற்க வைக்கிற வண்டி அது. கல்லெறிந்த கை அழகாகக் கதைக்குள் பூசப்பட்டுவிட்டது. கல்லை எடுக்க வைத்த தர்மம் சுரண்டப்படவில்லை.

எது சுரண்டல் என்பதற்கும் அதே ஊரிலிருந்தே சொல்லலாம். பரம்பரை அர்ச்சகர் உரிமையை நீக்கத் தமிழ்நாட்டில் 1970-ல் சட்டத் திருத்தம் வந்தது. வழக்கு மேல் வழக்கு. 2006-ல் எல்லாச் சாதியினருக்கும் அர்ச்சகர் பயிற்சிப் பள்ளிகள் திறக்க முடிவானது. மறுபடி வழக்கு. பயிற்சி முடித்தவர்கள் வருஷக்கணக்கில் வேலை இல்லாமல் நின்றார்கள். 2021 ஆகஸ்டில் அவர்களில் 24 பேருக்கு நியமனம் கிடைத்தது. 2023 செப்டம்பரில் ஸ்ரீரங்கத்திலேயே பயிற்சி முடித்தவர்களில் மூன்று பெண்களும் இருந்தார்கள். ஐம்பது வருஷம் ஆகியும் வேலை முடியவில்லை. ஆனால் இது துருமேல் அடித்த பெயின்ட் இல்லை. பூசுகிற கை யாருடையது என்ற இடத்தில் உளியை வைத்துத் தட்டியது. அதனால்தான் இவ்வளவு சத்தம்.

4

இனி பஸ்ஸுக்கு வருவோம். பெயின்ட்டையும் சாதியையும் தமிழ்நாட்டு அரசே ஒன்றாகச் சேர்த்துவைத்த வருஷம் ஒன்று உண்டு. அது 1997.

அதுவரைக்கும் அரசுப் போக்குவரத்துக் கழகங்களுக்குத் தலைவர்கள், மன்னர்கள் பெயர்கள் இருந்தன. திருச்சியில் தீரன் சின்னமலை, மதுரையில் பாண்டியன், கும்பகோணத்தில் சோழன், திருநெல்வேலியில் கட்டபொம்மன். சென்னையில் பல்லவனைப் பிரித்து 1994-ல் டாக்டர் அம்பேத்கர் பெயரில் ஒரு கழகம் வந்தது. 1997 மே மாதம் விருதுநகர் மாவட்டத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரில் ஒரு கழகம் தொடங்கப்பட்டது. சுந்தரலிங்கம் கட்டபொம்மனின் தளபதி, தேவேந்திரர் சமூகத்தில் பிறந்தவர். அந்தப் பெயர் எழுதிய பஸ்ஸில் ஏறமாட்டோம் என்று ஆதிக்க சாதியினரில் ஒரு பகுதியினர் கிளம்பினார்கள். கல்வீச்சு, கலவரம், கொலை. தென்மாவட்டங்கள் எரிந்தன.

அரசு என்ன செய்தது? 1997 ஜூலையில் எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் மாவட்டங்களிலிருந்தும் தலைவர்களின் பெயர்களை எடுத்துவிட்டது. பெரும்பாலானவை தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகம் ஆயின. சுந்தரலிங்கம் பெயர் அதிக நாள் நீடிக்கவில்லை. அம்பேத்கர் பெயரும் அதோடு போயிற்று. பெயர்களால் கலவரம் வருகிறது, ஆகவே பெயர் வேண்டாம் என்பது காரணம். இது உண்மையா? மன்னர் பெயரும் பாளையக்காரர் பெயரும் இருபத்தைந்து வருஷம் பஸ்ஸில் ஓடியபோது கலவரம் வரவில்லையே. சேரிக்காரன் எல்லார் பெயர் போட்ட பஸ்ஸிலும் ஏறித்தானே போனான். நம்முடைய பெயர் ஒன்று வந்தபோதுதான் பெயர் வைப்பதே ஆபத்தான காரியம் என்று கண்டுபிடித்தார்கள்.

அந்த வருஷம் திருச்சியில் ஓடிய பஸ்களைத் தொழில்காரன் கண்ணோடு பார்த்திருக்கிறேன். பக்கவாட்டில் தீரன் சின்னமலை என்று எழுதியிருந்த இடத்தில் புதுப் பெயின்ட். சாயங்கால வெயில் சாய்ந்து விழும்போது பார்த்தால் அடியிலிருக்கிற எழுத்தின் மேடு தெரியும். பழைய எழுத்தைத் தேய்த்து எடுக்காமல் மேலேயே அடித்தால் அப்படித்தான் தெரியும்.

பெயர்கள் போவதற்குச் சற்று முன்னால்தான், 1997 ஜூன் 30 அன்று, மதுரை மாவட்டம் மேலவளவில் பஞ்சாயத்துத் தலைவர் முருகேசனும் அவரோடு ஐந்து பேரும் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். மதுரையிலிருந்து ஊர் திரும்பிக்கொண்டிருந்தார்கள். பஸ்ஸில்தான் வந்தார்கள். தனியார் பஸ். அதில் எந்தத் தலைவர் பெயரும் கிடையாது. தனித்தொகுதியாக்கப்பட்ட பஞ்சாயத்தில் ஒரு தலித் தலைவர் நாற்காலியில் உட்காரக்கூடாது என்பதுதான் காரணம். துரு எங்கே இருந்தது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி எதற்கு? அரசு பஸ்ஸின் பக்கவாட்டில் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தது. சேசிஸ் அடியில் அற்றுப்போய்க் கிடந்தது.

2025 ஏப்ரலில், ‘காலனி’ என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்தும் புழக்கத்திலிருந்தும் நீக்கப்போவதாக முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். நான் இதை வேண்டாம் என்று சொல்லமாட்டேன். பஸ்ஸில் டிக்கெட் எடுக்கும்போது ‘காலனி ஸ்டாப்’ என்று சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்கிற முகங்களைச் சந்திக்க வேண்டியிருந்த பிள்ளைகள் எத்தனை பேர்! அந்தச் சொல் போகட்டும். ஆனால் கேட்கவேண்டிய கேள்வியைக் கேட்டுக்கொண்டே இருக்கணும். சொல்லை எடுத்த இடத்தில் அடியில் எதைச் சுரண்டினீர்கள்? அந்தத் தெருவிலிருந்து சுடுகாட்டுக்குப் போகிற பாதை யார் நிலத்தின் வழியே, யார் அனுமதியோடு போகிறது? தேர் எந்த முக்கில் திரும்பிவிடுகிறது? டீக்கடையில் எத்தனை வகைக் குவளை? இதையெல்லாம் தட்டிப் பெயர்த்த பிறகு சொல்லை எடுத்தால் அது காப்பு. பெயர்க்காமல் எடுத்தால் எஃப்.சி. பெயின்ட்.

5

இப்போது முதல் கேள்விக்குப் பதில் சொல்லலாம். பூசி மெழுகலுக்கும் காப்புக்கும் உள்ள வித்தியாசம் பூச்சில் இல்லை. ஒரே டப்பாவில் இருக்கிற ஒரே ரெட் ஆக்சைடுதான். பூசுவதற்கு முன்னால் சுரண்டினார்களா, பூசிய பிறகு இறுக விட்டார்களா என்பதில்தான் இருக்கிறது. பெயர் மாற்றம், சமபந்தி, சிலை, சட்டம் எதுவுமே தன்னளவில் ஏமாற்றும் இல்லை, விடுதலையும் இல்லை. ‘எல்லாமே கண்துடைப்பு’ என்கிற தோழரும் ‘இதுவாவது நடக்கட்டுமே’ என்கிற தோழரும் டப்பாவைப் பார்த்துச் சண்டை போடுகிறார்கள். வண்டிக்கு அடியில் படுத்துப் பார்க்கணும்.

ஒரு தோழர் இதற்கும் மேலே போனார். “சேசிஸே இத்துப்போச்சுங்க அண்ணே. அதுக்குப் பெயின்ட் எதுக்கு? உடைச்சு உருக்குங்க” என்றார். சாதியைக் காப்பாற்ற நான் ஆள் இல்லை. இத்துப்போன குறுக்குச் சட்டத்தை வெட்டி எறியத்தான் வேணும். பெரியப்பா கேட்டதும் அதைத்தான். ஆனால் உருக்கி வார்த்த புது இரும்பும் வெளியே வந்து காற்றுப் பட்ட அன்றைக்கே துருப்பிடிக்கத் தொடங்கும். புதுச் சமூகம், புது இயக்கம், நம்முடைய சொந்த அமைப்புகள் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். உட்சாதி பார்க்காத தலித் கூட்டம் எத்தனை, பெண் பேசினால் காது கொடுக்கிற தலித் மேடை எத்தனை என்று நம்மையே கேட்டால் தெரியும். துரு என்பது எப்போதோ பட்ட கறை இல்லை. காற்றும் தண்ணீரும் இருக்கிற வரைக்கும் நடந்துகொண்டிருக்கிற வேலை. அதற்கு எதிரான வேலையும் நடந்துகொண்டே இருக்கணும்.

எனக்கு ஆறாத விஷயம் வேறு. இத்தனை காலமும் சுரண்டியது யார்? சாதியை எதிர்த்து வழக்குப் போட்டது, வெட்டுப்பட்டது, ஊரை விட்டு ஓடியது, தன் அவமானத்தை மேடையில் எழுதிக் காட்டியது எல்லாம் நாம். துரு அவர்களுடையது. பொடியைச் சுவாசித்தது நாம். பெயின்ட் அடித்துப் படம் எடுத்துக்கொள்ளும்போது மட்டும் அவர்கள் வந்து கன் பிடிக்கிறார்கள். சீர்திருத்தத்திலும் பட்டறையில் இருந்த அதே வேலைப் பிரிவினைதான்.

முற்போக்கு நண்பர்கள் எங்கள் தெருவுக்கு வந்து சாப்பிடுவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் துரு இருப்பது எங்கள் தெருவில் இல்லை. அவர்கள் வீட்டுக் கல்யாணப் பேச்சில் இருக்கிறது. அவர்கள் ஊர்க் கோயில் கமிட்டியில் இருக்கிறது. அவர்கள் அப்பாவின் பெயரில் இருக்கிற பட்டாவில் இருக்கிறது. அங்கே உளியை வைக்கட்டும். சத்தம் வரும், பொடி பறக்கும், சொந்தக்காரர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு வெளியே போவார்கள். முதல் தடவையாக அந்தப் பொடி அவர்கள் நெஞ்சுக்குள்ளும் கொஞ்சம் போகும். அப்படிச் சுரண்டிவிட்டுக் கூப்பிட்டால் நானும் வருகிறேன். எத்தனை கோட் அடிக்கணும், எத்தனை நாள் காயவிடணும் என்று எனக்குத் தெரியும், சொல்லித் தருகிறேன்.